“முடிச்சிட்டேன், டீச்சர்! அடுத்து என்ன?” - கொல்லிமலையின் சூட்டிகைப் பிள்ளைகள்

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி என்று ஓர் ஊர். கொல்லிமலையின் அடிவாரம் அது. அங்கிருந்து பஸ் மலை ஏறத் தொடங்கினால், பாதை கொண்டை ஊசி போல வளைந்து வளைந்து போகும். ஒன்றல்ல, இரண்டல்ல. மொத்தம் 70 வளைவுகள்!

ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. முதல் தடவை போகிறவர்கள் பத்தாவது வளைவு வரை உற்சாகமாக எண்ணுவார்கள். இருபதாவது வளைவில் எலுமிச்சம்பழத்தைத் தேடுவார்கள்.

மேலே போனால் வேறு உலகம். குளிர்ந்த காற்று. மரங்களில் ஏறிப் படர்ந்த மிளகுக் கொடி. காப்பித் தோட்டம். பலா, அன்னாசி, வாழை. அறப்பளீசுவரர் கோயில். பக்கத்திலேயே ஆகாய கங்கை அருவி. சுற்றுலா வந்தவர்கள் இவற்றைப் பார்த்துவிட்டு, சோளக்காட்டில் பழமும் மிளகும் வாங்கிக்கொண்டு சாயங்காலமே இறங்கிவிடுவார்கள்.

அவர்கள் பார்க்காமல் வருவது ஒன்று உண்டு. மலையில் அங்கங்கே இருக்கும் சின்னச் சின்னப் பள்ளிக்கூடங்கள்தான் அவை.

கொல்லிமலையில் சுமார் 40 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். மிகப் பெரும்பாலோர் ‘மலையாளி’ என்னும் பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மலையில் வாழ்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ்தான். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு என்று மலை பல நாடுகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு நாட்டிலிருந்து அடுத்த நாட்டுக்குப் போவதற்குள் கால் ஓய்ந்துவிடும்.

இத்தகைய மலை ஊர்களில் தொடக்கப் பள்ளி என்றால் பெரும்பாலும் ஈராசிரியர் பள்ளிதான். ஆசிரியர் இரண்டு பேர், வகுப்பு ஐந்து! ஒருவர் விடுப்பில் போனால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில்.

சீக்கிரம் முடித்தால் என்ன பரிசு?

இப்படி ஒரு பள்ளியில் நாலாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமியை நினைத்துக்கொள்வோம். டீச்சர் பலகையில் பத்துக் கணக்குகள் எழுதுகிறார். மற்றப் பிள்ளைகள் மூன்றாவது கணக்கில் இருக்கும்போதே இவள் எழுந்து நிற்கிறாள்.

“முடிச்சிட்டேன், டீச்சர்!”

எல்லாம் சரியாக இருக்கிறது. டீச்சருக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர் என்ன செய்வார், பாவம்! அந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்புக் குழந்தை அழுகிறது. இந்தப் பக்கம் இரண்டு பையன்கள் ரப்பருக்குச் சண்டை போடுகிறார்கள். “இன்னும் பத்து எழுதித் தர்றேன், போடு கண்ணு” என்கிறார். அதே மாதிரிக் கணக்குகள்தான்.

அடுத்த நாள் அவள் வகுப்புத் தலைவி ஆகிறாள். பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதுவது அவள் வேலை. அதற்கடுத்த நாள், பின்தங்கிய பிள்ளைகளுக்கு அவளே சொல்லித் தருகிறாள். ஒரு மாதம் கழித்துத் தண்ணீர்க் குடம் நிரம்பிவிட்டதா என்று பார்த்து வர அவளைத்தான் அனுப்புகிறார்கள். சூட்டிகையான பிள்ளை அல்லவா!

பிறருக்குச் சொல்லித் தருவது நல்ல பழக்கம்தான். அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் ஒரு வருஷம் முழுவதும் அந்தச் சிறுமி புதிதாக என்ன கற்றாள்? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

பையனாக இருந்தால் கதை வேறு மாதிரிப் போகும். வேலை முடிந்த கை சும்மா இராது. பக்கத்துப் பையனைச் சீண்டும். பென்சிலை உடைக்கும். ‘சேட்டைக்காரன்’ என்று பெயர் வந்துவிடும். பெயர் வந்துவிட்டால் போகாது. பிறகு அவனுக்குக் கணக்கு வரும் என்பதே எல்லோருக்கும் மறந்துவிடும்.

கல்வித்துறையில் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. பாடம் ஏறத் தாமதமாகும் பிள்ளைகளை ‘மெல்லக் கற்போர்’ என்பார்கள். வேகமாகப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளை ‘மீத்திறன் மிக்கோர்’ என்பார்கள். மெல்லக் கற்போருக்குத் தனிப் பயிற்சி உண்டு, தனிக் கையேடு உண்டு. வேண்டியதுதான், அதைக் குறைக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது. மீத்திறன் பிள்ளைக்கு என்ன உண்டு? “அது தானே படிச்சுக்கும்” என்ற ஒரு வாக்கியம்தான் உண்டு!

எழுபது பலகைகளும் ஒரு கணக்கும்

இந்தச் சிறுமிக்கு இன்னும் பத்துக் கணக்குக்குப் பதிலாக ஒரே ஒரு கணக்கைக் கொடுத்துப் பார்க்கலாம். காசு செலவில்லை. புத்தகம் வேண்டாம்.

“மலைப்பாதையில் 1 முதல் 70 வரை பலகைகள் இருக்கின்றன அல்லவா? அந்த எண்களை எல்லாம் கூட்டினால் எவ்வளவு வரும்?”

முதலில் அவள் ஒன்றும் இரண்டும் மூன்று, மூன்றும் மூன்றும் ஆறு என்று வரிசையாகக் கூட்டிக்கொண்டு போவாள். இருபதைத் தாண்டும்போது எங்கோ தப்பு வரும். அழித்துவிட்டு மறுபடியும் தொடங்குவாள். அப்போது ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். “முதல் பலகையையும் கடைசிப் பலகையையும் கூட்டிப் பாரேன்.”

1 + 70 = 71. சரி. இரண்டாவதும், கடைசிக்கு முந்தினதும்? 2 + 69. அதுவும் 71! மூன்றாவது? 3 + 68. அதுவும் 71! இப்படி எத்தனை ஜோடி? 35 ஜோடி. 35 தடவை 71. விடை 2,485.

குழந்தையின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்!

அதோடு விடக் கூடாது. “ஒற்றைப்படை எண் உள்ள பலகைகளை மட்டும் கூட்டினால்?” என்று கேட்க வேண்டும். 1; 1 + 3 = 4; 1 + 3 + 5 = 9; 1 + 3 + 5 + 7 = 16. நான்கு எண்ணைக் கூட்டினால் நான்கு நான்கு பதினாறு. ஐந்து எண்ணைக் கூட்டினால் ஐயைந்து இருபத்தைந்து. 69 வரை 35 ஒற்றைப்படை எண்கள் உண்டு. ஆகவே 35 தடவை 35. அதாவது 1,225. இதை அவளே கண்டுபிடித்துவிட்டால், அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் வராது. ஏன் அப்படி வருகிறது என்று மறுநாள் கேட்பாள். புளியங்கொட்டைகளைச் சதுரமாக அடுக்கிக் காட்டினால் அதுவும் விளங்கிவிடும்.

முன்பு கொடுத்த பத்துக் கணக்கும் கை வேலை. இது மூளைக்கு வேலை. சூட்டிகைப் பிள்ளைக்கு வேண்டியது இதுதான். கொஞ்சம் எட்டாத உயரத்தில் ஒரு பழம்! தரையில் கிடக்கும் பழத்தை எத்தனை தடவை பொறுக்கினாலும் அந்தப் பிள்ளைக்கு உயரம் ஏறாது.

சாமை தெரியுமா, சாமை?

கெட்டிக்காரத்தனம் கணக்கில் மட்டும்தான் இருக்கிறதா? இல்லவே இல்லை.

கொல்லிமலையில் சாமை, ராகி, தினை விளையும். சாமையிலேயே மல்லிச் சாமை, கட்டவெட்டிச் சாமை, பெருஞ்சாமை என்று பல ரகம். எது சீக்கிரம் விளையும், எது மழை குறைந்தாலும் தாங்கும் என்பது மலைக்காரர்களுக்குத் தெரியும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களில் தொடங்கி இந்த மலையில் சிறுதானியம் பற்றி வேலை செய்தபோது, விவசாயிகளிடம் கேட்டுத்தான் பல விஷயங்களைத் தெரிந்துகொண்டார்கள்.

கதிரைப் பார்த்த மாத்திரத்தில் ரகத்தைச் சொல்லும் பத்து வயதுப் பிள்ளை இருந்தால், அது சாதாரணப் பிள்ளையா? உற்றுப் பார்க்கவும், வித்தியாசம் கண்டுபிடிக்கவும், நினைவில் வைக்கவும் தெரிந்த பிள்ளை. தாவரவியல் படிக்கிறவர்களுக்கு வேண்டிய குணம் இதுதான். ஆனால் மாதத் தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடையாது!

தேர்வு வைத்துத் திறமைசாலிகளைப் பொறுக்கி எடுப்பதில் பெரிய பெரிய நிபுணர்களே ஏமாந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் என்று ஒரு பேராசிரியர். 1921-இல் அவர் கலிபோர்னியாப் பள்ளிகளில் அறிவுச் சோதனை நடத்தினார். நாளடைவில் 1,500-க்கு மேற்பட்ட பிள்ளைகள் அவர் பட்டியலில் சேர்ந்தார்கள். அவர்களை வாழ்நாள் முழுவதும் கவனித்து வந்தார்கள். அந்தச் சோதனையில் மதிப்பெண் போதவில்லை என்று இரண்டு சிறுவர்களை விட்டுவிட்டார்கள். ஒருவர் வில்லியம் ஷாக்லி. இன்னொருவர் லூயிஸ் ஆல்வரஸ். ஷாக்லிக்கு 1956-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆல்வரஸுக்கு 1968-இல் கிடைத்தது. பட்டியலில் இருந்த ஒருவருக்கும் நோபல் பரிசு கிடைக்கவில்லை!

நகரத்துப் பிள்ளைகளுக்கே இந்தக் கதி. வாய் திறந்து பேசக் கூச்சப்படும் மலைப் பிள்ளையை ஒரு காகிதத் தேர்வு கண்டுபிடித்துவிடுமா?

நாமகிரித் தாயாரின் பிள்ளை

மலையை விட்டு இறங்கி நாமக்கல் நகருக்கு வந்தால், ஒரே பாறையான மலைக்கோட்டை. அடியில் நரசிம்மர் கோயில். அங்கே நாமகிரித் தாயார் சந்நிதி. கணித மேதை ராமானுஜனின் குடும்பத் தெய்வம் இந்தத் தாயார்தான்.

ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம். தந்தை துணிக்கடையில் குமாஸ்தா. ஏழைக் குடும்பம்.

கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் அவர் படித்தபோது, கொடுத்த நேரத்தில் பாதியிலேயே கணக்குத் தேர்வை முடித்துவிடுவார். அந்தப் பள்ளியில் சுமார் 1,200 மாணவர்கள், 35 ஆசிரியர்கள். எந்த வகுப்புக்கு எந்த ஆசிரியர், எந்த மணிக்கு என்று கால அட்டவணை போடுவது தலைவலி பிடித்த வேலை. கணக்கு ஆசிரியர் கணபதி சுப்பையர் என்ன செய்தார் தெரியுமா? அந்த வேலையைச் சிறுவன் ராமானுஜனிடம் கொடுத்தார்!

குடம் நிரம்பியதா என்று பார்த்துவர அனுப்புவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்! இரண்டும் பள்ளிக்கூடத்து வேலைதான். ஆனால் இது மூளையைப் பிழியும் வேலை.

வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடம் அவர்களுக்குத் தெரிந்ததை எல்லாம் அவர் கேட்டுத் தீர்த்துவிட்டார். 13 வயதுக்குள் லோனி என்பவர் எழுதிய திரிகோணமிதிப் புத்தகத்தை இரவல் வாங்கிக் கரைத்துக் குடித்தார். பிறகு 1903-இல் ‘கார்’ என்ற ஆங்கிலேயர் தொகுத்த ஒரு கணிதப் புத்தகம் கைக்குக் கிடைத்தது. சுமார் 5 ஆயிரம் தேற்றங்கள். பெரும்பாலும் விளக்கம் கிடையாது. விடை மட்டும் இருக்கும், வழி இருக்காது. வேறு பையனாக இருந்தால் மூடி வைத்திருப்பான். ராமானுஜன் ஒவ்வொன்றுக்கும் தாமே வழி கண்டுபிடிக்க உட்கார்ந்தார். அவருக்கு வேண்டியிருந்த எட்டாத பழம் அதுதான்.

1904-இல் பள்ளியில் பரிசு வாங்கினார். தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், முழு மதிப்பெண் கொடுத்தாலும் இந்தப் பையனுக்குப் போதாது என்ற பொருள்படப் பாராட்டினார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளமும் கிடைத்தது.

அங்கேதான் வந்தது வினை. கல்லூரியில் கணக்கு மட்டும் போதாது. ஆங்கிலம் வேண்டும், சரித்திரம் வேண்டும். ராமானுஜன் எந்த வகுப்பில் உட்கார்ந்தாலும் கணக்கே போட்டார். மற்றப் பாடங்களில் தேறவில்லை. உபகாரச் சம்பளம் போயிற்று. 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அந்த வருஷம் டிசம்பரில் எப்.ஏ. தேர்வு எழுதினார். தோல்வி! மறு வருஷமும் எழுதினார். மறுபடியும் தோல்வி!

ஒரே ஊர், ஒரே வருஷம்

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது.

அதே 1906-ஆம் ஆண்டு, அதே சென்னை நகரம். நவம்பர் மாதம் லண்டனில் வெளியான ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் 18 வயது மாணவர் ஒருவரின் ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. அந்த மாணவர் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தார். பெயர் சி.வி. ராமன்!

ராமன் பிறந்தது 1888-இல், திருச்சியை ஒட்டி. ராமானுஜனைவிட ஒரு வயது இளையவர். 11 வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேறினார். 1904-இல் பி.ஏ. முதலிடம், தங்கப் பதக்கம். தந்தை கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். வீடு நிறையப் புத்தகம். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஜோன்ஸ், வகுப்புக்கு வந்தே ஆகவேண்டும் என்று ராமனை நெருக்கவில்லை. சோதனைக்கூடத்தில் இஷ்டம்போல் வேலை செய்ய விட்டுவிட்டார். இந்தியாவுக்கு 1930-இல் நோபல் பரிசு வந்தது அந்தப் பிள்ளையால்தான்.

ஒருவர் லண்டன் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். மறு மாதமே இன்னொருவர் எப்.ஏ.யில் தோற்றார். மூளையில் யாருக்குக் குறைச்சல்? ராமனுக்கு வீட்டிலும் கல்லூரியிலும் அடுத்த படியைக் காட்ட ஆள் இருந்தது. ராமானுஜனுக்குப் பள்ளிக்கூடத்தோடு அந்த ஆள் நின்றுபோனார்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம். 1914-இல் கப்பல் பயணம். 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1920-இல், 32 வயதில் மரணம். தோற்றுத் திரிந்த அந்த நாலைந்து வருஷங்களை யாரால் திருப்பித் தர முடியும்?

ராமானுஜனின் கடிதங்களைத் தேடித் தொகுத்து 1968-இல் வெளியிட்டவர் ஒரு பள்ளி ஆசிரியர். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார் பி.கே. சீனிவாசன். தீக்குச்சி, காகிதம், விதை எது கிடைத்தாலும் அதை வைத்துக் கணக்குக் காட்டுவார். பிள்ளைகளைக்கொண்டே கணக்குப் பொருட்காட்சி நடத்துவார். ஓய்வு பெற்ற பின்பும் சும்மா இராமல் ராயபுரத்தில் ராமானுஜனுக்கு ஒரு காட்சிக்கூடம் அமைத்தார். கணக்கைக் கண்டு பயந்த பிள்ளைகளுக்கும் அவர் வேண்டியிருந்தார். கணக்கில் பறந்த பிள்ளைகளுக்கும் வேண்டியிருந்தார்.

ஏணியும் மலரும்

இனி மலைக்குத் திரும்புவோம். இன்றைய பள்ளிகளில் சூட்டிகைப் பிள்ளைக்கு என்னதான் இருக்கிறது?

2007 வாக்கில் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. ஏணிப்படி போல் படம் போட்டு, அட்டை அட்டையாகப் பாடம். ஒரு படி முடித்த பிள்ளை அடுத்த படிக்குத் தானே போகலாம். மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். வேகமான பிள்ளைக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடைசி அட்டையும் முடிந்துவிட்டால்? ஏணிக்கு மேலே கூரை!

2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. கொரோனாவால் பள்ளி மூடிக் கிடந்த காலத்தில் பிள்ளைகள் மறந்ததை மீட்பதற்காக ஏற்பட்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகள் மூன்று குழுவாக உட்காருவார்கள். அழகான பெயர்கள்! அரும்பு மொட்டாகும், மொட்டு மலராகும். முதல் நாளே மலராக வந்த பிள்ளைக்கு அடுத்து என்ன பெயர் என்பதுதான் தெரியவில்லை.

ஈராசிரியர் பள்ளியில் ஒரு வசதி இருக்கிறது. யாரும் அதை வசதி என்று நினைப்பதில்லை. நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில்! கணக்கு நேரத்தில் மட்டும் அந்தச் சிறுமியை ஐந்தாம் வகுப்பு வரிசையில் உட்கார வைக்கலாம். பத்தடி நகர்ந்தால் போதும். மற்ற நேரத்தில் தன் சிநேகிதிகளோடு இருக்கட்டும்.

அந்தக் காலத்தில் ‘டபுள் புரமோஷன்’ கொடுப்பார்கள். மூன்றிலிருந்து ஐந்துக்கு ஒரே தாவல். தாத்தாக்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். இப்போது, 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பின், வயதுக்கேற்ற வகுப்பு என்பதே முறை. அதனால் நஷ்டம் என்று சொல்ல முடியாது. எல்லாப் பாடத்திலும் ஒரே வேகத்தில் ஓடும் பிள்ளைகள் குறைவு. கணக்கில் பறக்கும் பிள்ளைக்கு எழுத்து நடை தள்ளாடலாம். எதில் வேகமோ அதில் மட்டும் மேலே அனுப்புவதே நல்லது என்று தோன்றுகிறது.

ஆறாம் வகுப்புக்கு மேல் வாசல்கள் கொஞ்சம் அதிகம். ஆறு முதல் எட்டு வரை, அரசுப் பள்ளிகளில் 2022 நவம்பரில் ‘வானவில் மன்றம்’ தொடங்கினார்கள். சோதனைப் பொருள்களோடு கருத்தாளர்கள் பள்ளிக்கே வந்து பிள்ளைகள் கையால் செய்ய வைப்பார்கள். ‘தேன்சிட்டு’ என்ற இதழும் பள்ளிக்கு வரத் தொடங்கியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரின் ‘துளிர்’ 1987-இலேயே பிறந்தது. இதெல்லாம் பீரோவில் பூட்டிக் கிடக்காமல் பிள்ளை கைக்குப் போக வேண்டும். அதுதான் முக்கியம்!

செங்கரையில் ஏகலைவன் பெயர்

கொல்லிமலையில் பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. தங்க இடம், சாப்பாடு எல்லாம் அங்கேயே. செங்கரையில் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளி இருக்கிறது. பழங்குடிப் பிள்ளைகளுக்காக 1997-98-இல் மத்திய அரசு வகுத்த திட்டம் இது. ஆறாம் வகுப்பில் சேர நுழைவுத் தேர்வு உண்டு.

ஏகலைவன் யார்? வேடர் குலத்துப் பிள்ளை. துரோணர் அவனைச் சீடனாக ஏற்கவில்லை. தானே வில் வித்தை கற்றான். கற்ற பிறகு கட்டைவிரலைக் காணிக்கை கேட்டார்கள்! குரு கிடைக்காத பிள்ளையின் பெயரைப் பள்ளிக்கு வைத்திருக்கிறார்கள். இந்தப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்காவது நல்ல குருமார் கிடைக்கட்டும்.

அடிவாரத்தில் நாமக்கல், ராசிபுரம் வட்டாரமே பள்ளிக்கூடங்களுக்குப் பேர் போனது. லாரி, முட்டை, விடுதிப் பள்ளி - இவைதான் நாமக்கல்லின் அடையாளம். மதிப்பெண்ணுக்காகவே பிள்ளைகளை விடிய விடியப் படிக்க வைக்கும் இடங்களைக் கோழிப்பண்ணையை நினைத்து ‘பிராய்லர் பள்ளி’ என்று ஜனங்கள் கேலி செய்வதுண்டு. ஒரே பாடத்தை இருபது தடவை திருப்பிப் படித்தால் மதிப்பெண் வரும், சந்தேகமில்லை. ஆனால் அதே பத்துக் கணக்கை மறுபடியும் கொடுத்த டீச்சரின் கதைதான் அது. பணம் கட்டி வாங்குகிறோம், அவ்வளவே!

பக்கத்து மலையில் நடந்த ஒன்று மனத்துக்குத் தெம்பு தரும். பச்சைமலையில் சின்ன இலுப்பூர் என்று ஓர் ஊர். அங்கே பழங்குடியினர் பள்ளியில் படித்த ஒரு மாணவி 2024-இல் ஜே.இ.இ. தேர்வு எழுதி, திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் இடம் பிடித்தார். கூலி வேலை செய்யும் குடும்பம். அந்தப் பெண்ணும் வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர். பள்ளிக்கூடமும் ஆசிரியர்களும் கைகொடுத்தார்கள் என்று அவரே சொன்னார்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பிள்ளை எட்டாம் வகுப்பில் இருந்தால், தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு ஒன்று உண்டு. ‘என்.எம்.எம்.எஸ்.’ என்றால் ஆசிரியர்களுக்குத் தெரியும். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷம் 12 ஆயிரம் ரூபாய். குடும்ப வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. மனத்திறன் கேள்விகள் 90, பாடக் கேள்விகள் 90. மனத்திறன் கேள்விகள்தான் சூட்டிகைப் பிள்ளைகளுக்குச் சர்க்கரை!

இதில் ஒரு சிக்கல். அரசே தங்க வைத்துச் சோறு போடும் உறைவிடப் பள்ளி மாணவர்களுக்கு இந்தத் தொகை இல்லை என்பது திட்டத்தின் விதி. மலைப் பிள்ளைகளில் பலர் படிப்பது அத்தகைய பள்ளிகளில்! ஆகவே தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பெண்கள். தொகை வருஷம் 1,000 ரூபாய்தான். மாதக் கணக்கில் பார்த்தால் ஒரு நூறு ரூபாய்த் தாள்கூட வராது. ஆனாலும் எழுத வேண்டும். மாவட்டத்தில் தேறியவர்கள் பட்டியலில் மலைப் பெண்ணின் பெயர் வந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும்.

பதினொன்றாம் வகுப்புக்கு 2023-இல் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு வந்தது. 500 மாணவர், 500 மாணவியர். பட்டப்படிப்பு முடியும் வரை வருஷம் 10 ஆயிரம் ரூபாய். அரசு மாதிரிப் பள்ளிகளும் 2021-இல் சில மாவட்டங்களில் தொடங்கி, 38 மாவட்டங்களுக்கும் வந்துவிட்டன.

இந்தத் தேர்வுகளுக்கெல்லாம் விண்ணப்பம் பள்ளிக்கூடம் வழியாகத்தான் போகும். சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் கடைசி நாளில் ஓடினால் கிடைக்காது. மிளகு அறுவடை, காப்பி அறுவடை என்று கை ஓயாத நாளிலும் அதற்கு ஒரு நாள் ஒதுக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று. சந்தையில் மிளகு எடை போடும்போது, வியாபாரி சொல்லும் கணக்கை மனத்திலேயே சரிபார்க்கிறது பிள்ளை. வீட்டுக்கு அது பெரிய துணை. அதனாலேயே எட்டாம் வகுப்போடு நிறுத்தித் தோட்டத்துக்கும் கடைக்கும் அழைத்துக்கொள்ளத் தோன்றும். பெண்ணாக இருந்தால் விடுதிக்கு அனுப்பத் தாய்க்குப் பயம். பயம் நியாயமானது. விடுதியில் யார் பொறுப்பு, இரவில் துணை யார், ஊருக்கு எப்போது அனுப்புவார்கள் என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. நேரில் போய்ப் பார்க்கலாம். கேள்வி கேட்கிற பெற்றோரின் பிள்ளையை விடுதியிலும் கவனமாகப் பார்ப்பார்கள்.

ஆசிரியரிடம் போகும்போது “என் பொண்ணு எத்தனையாவது ரேங்க்?” என்று கேட்பது வழக்கம். அதோடு இதையும் கேட்கலாம்: “இந்த மாசம் அவளுக்குத் தெரியாத எதைப் புதுசாச் சொல்லிக் கொடுத்தீங்க, டீச்சர்?”